வன்னியிலிருந்து குடும்பத்தோடு தீம் பார்க்: எந்த ரிக்கற் கட்டுப்படியாகும்? முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு சுமார் 330 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து சுமார் 255. பார்க் வாசலில் கொழும்புக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் ரிக்கற் விலை ஒன்றுதான். ஆனால் அந்த ரிக்கற்றில் அவர்களுக்குக் கிடைப்பது ஏழு மணித்தியாலம், எங்களுக்கு நாலு. அதனால் கொழும்பிலுள்ள உறவினர் "இதுதான் நல்லது" என்று சொல்லும் ரிக்கற் எங்களுக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்றில்லை.

ஒவ்வொரு பாடசாலை விடுமுறைக்கும், அல்லது வருடத்துக்கு ஒருமுறையாவது, பிள்ளைகளைக் கூட்டிப்போகும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது இது. ஹங்வெல்லப் பக்கமுள்ள லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவின் பேர்ள் பே போன்ற இடங்களுக்கும், சென்னை, சிங்கப்பூர், பாரிஸ் என்று போகிறவர்களுக்கும் முறை ஒன்றே. படிகளை இங்குள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் விலையைப் பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளையை அளப்பவர்கள்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள்.

தொடங்கமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு கொப்பி, பேனை, அளவுநாடா. போகிற எல்லோருடைய பிறந்த திகதியும். பெரியவர்களின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. வருடத்துக்கான பாடசாலைத் தவணை அட்டவணையும், போயா நாட்கள் குறித்த கலண்டரும். வான்காரரிடம் கேட்டு வாங்கிய ஹயர் தொகை.

சிங்களமோ ஆங்கிலமோ தடையில்லாமல் பேசும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. பார்க்குகளுக்குப் போன் எடுத்தால் எந்த நேரமும் தமிழில் பதில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. வட்ஸ்அப் இலக்கம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எழுத்தில் வந்த பதிலை வாசலில் காட்டலாம், போனில் கேட்டதைக் காட்ட முடியாது.

1. வருடத்தில் எத்தனை தடவை போவீர்கள் என்று உண்மையாக எழுதுங்கள்

விருப்பத்தை எழுதவேண்டாம். கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை தடவை போனீர்கள், எந்த மாதத்தில் போனீர்கள் என்பதை எழுதுங்கள்.

வயல் செய்யும் வீட்டில் டிசெம்பர் விடுமுறை காலபோகத்தின் நடுவில் வரும். உரம், களை, தண்ணீர் என்று வேலை நிற்கும், மழையும் எங்கள் பக்கம் அப்போதுதான் கொட்டும். அறுவடைக் காசு மாசி, பங்குனியில் கைக்கு வரும். ஆகவே ஏப்ரல்தான் இயல்பான மாதம், அடுத்தது ஓகஸ்ட். ஓகஸ்டிலும் 15ஆம் திகதி மடு மாதா திருவிழாவும் நல்லூர்த் திருவிழா நாட்களும் போக மிச்சம்தான் உங்கள் நாட்கள்.

இப்படி எழுதினால் பெரும்பாலான வீடுகளில் ஒன்று அல்லது இரண்டு என்றுதான் வரும். அந்த எண்ணில் கைவைக்காதீர்கள். ஆறாம் படியில் முழுக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது.

2. பிள்ளைகளை வீட்டிலேயே அளவுங்கள்

செருப்பில்லாமல் கதவு நிலையோடு குதிக்கால் முட்ட நிற்கவையுங்கள். தலைமேல் ஒரு கட்டியான புத்தகத்தை மட்டமாக வைத்து, அதன் அடிவிளிம்பு நிலையில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு நிலத்திலிருந்து அளவுங்கள். காலையில் அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் வரை கூடக் காட்டும், பின்னேரம் குறையும். பார்க்கில் பின்னேரமும் அளப்பார்கள் என்பதால் பின்னேர அளவையே எடுங்கள்.

உயரம் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. ஒன்று, ரிக்கற் விலை. சில பார்க்குகள் வயதைப் பார்க்கும், சில உயரத்தைப் பார்க்கும். இந்தியாவின் வொண்டர்லா பார்க்குகளில் உயரம்தான் கணக்கு: 85 சென்ரிமீற்றருக்குக் கீழே இலவசம், 140 வரை சிறுவர் ரிக்கற், அதற்கு மேலே வளர்ந்தவர் ரிக்கற். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்ரூடியோஸில் 4 முதல் 12 வயது வரை சிறுவர். பாரிஸ் டிஸ்னிலாண்டில் 3 முதல் 11 வரை. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் சிறுவர் ரிக்கற் போதும், பாரிஸில் வளர்ந்தவர் ரிக்கற் எடுக்கவேண்டும். வயது என்பது போகும் நாளில் உள்ள வயது, வாங்கும் நாளில் உள்ளது அல்ல.

இரண்டாவது இடம் ரைட்டின் (ராட்டினம், சறுக்கு போல ஏறி விளையாடும் ஒவ்வொன்றின்) வாசல். பெரிய ரைட்டுகளுக்கு 120, 130, 140 சென்ரிமீற்றர் என்று குறைந்தபட்ச உயரம் வைத்திருப்பார்கள். ஆளை இருக்கையில் பிடித்துவைக்கும் பாதுகாப்புக் கம்பி சின்ன உடம்பைப் பிடிக்காது என்பதே காரணம். கெஞ்சினாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. 118 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்கு எல்லா ரைட்டும் சேர்ந்த ரிக்கற் வாங்கினால், அதில் பாதி ரைட்டின் வாசலில் அழுகைதான் மிஞ்சும். பார்க்கின் இணையத்தளத்திலுள்ள ரைட் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை ரைட் திறந்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.

நான்கு வயதுக்கும் பருவமடையும் வயதுக்கும் இடையில் பிள்ளைகள் வருடத்துக்கு 5–6 சென்ரிமீற்றர் வளர்கிறார்கள். போன வருட அளவை இந்த வருடம் பாவிக்காதீர்கள்.

3. பார்க்குக்குள் கிடைக்கும் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் விடும் படி இது.

கிளிநொச்சியிலிருந்து அதிகாலை 3 மணிக்கு வான் எடுத்தால், வவுனியா தாண்டி விடிந்து, தம்புள்ளப் பக்கம் இறங்கிச் சாப்பிட்டு, குருநாகலில் அதிவேகப் பாதை ஏறி மீரிகமவில் இறங்கினாலும், ஹங்வெல்லப் பக்கம் சேர 11 மணியாகும். பண்டாரகம இன்னும் தூரம். வரிசை, உடுப்பு மாற்றுதல், லொக்கர் என்று 12 ஆகிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். நீர்ப்பகுதியை மற்றப் பகுதிக்கு முந்தியே மூடும் பார்க்குகளும் உண்டு. கையில் மிஞ்சுவது நாலு மணித்தியாலம்.

விடுமுறைச் சனத்தில் மணித்தியாலத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ரைட் என்று வையுங்கள். அப்படிப் பார்த்தால் ஒரு நாளில் எட்டு, மிஞ்சினால் பன்னிரண்டு. "முப்பது ரைட், எல்லையில்லை" என்ற விளம்பரம் முந்தின இரவு கொழும்பில் படுத்தெழும்பி, வாசல் திறக்கும்போது நிற்பவருக்குத்தான் பொருந்தும்.

ஆகவே இங்கே ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும். போன நாளே பார்க் என்றால் சின்ன ரிக்கற்: நீர்ப்பகுதி மட்டும், அல்லது உலர் ரைட் மட்டும். முந்தின நாளே போய் வெள்ளவத்தையில் லொட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்கிவிட்டு மறுநாள் காலை போவதென்றால், எல்லாம் சேர்ந்த ரிக்கற்றைப் பற்றி யோசிக்கலாம். இரண்டையும் கலப்பது, அதாவது இரவெல்லாம் ஓடி வந்து மிகப் பெரிய ரிக்கற்றை வாங்குவது, மிக மோசமான தெரிவு. நித்திரை இல்லாத பிள்ளை இரண்டு மணிக்கே வானுக்குப் போவோம் என்று நிற்கும்.

வீட்டில் அரச ஊழியர் இருந்தால் விடுமுறை வாரண்டை (அரச ஊழியருக்குக் கிடைக்கும் றெயில் பயணச் சலுகைச் சீட்டை) மறக்காதீர்கள். றெயிலில் குடும்பமாகக் கொழும்பு கோட்டை வரை போய், அங்கிருந்து ஒரு நாளுக்கு மட்டும் வான் பிடித்தால் பயணச் செலவு நன்றாகக் குறையும். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், விடுமுறைக்கால றெயிலில் அன்றே முடிந்துவிடும். றெயில் உறுதியான பிறகுதான் திகதியிட்ட பார்க் ரிக்கற்றைத் தொடவேண்டும். மாறிச் செய்தவர்கள் ரிக்கற்றை வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போயிருக்கிறார்கள்.

4. பார்க்கிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

விலை என்ன என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்:

- உள்ளே போவதற்கு மட்டும் ரிக்கற் இருக்கிறதா? ரைட்டுக்குத் தனியாக வாங்கலாமா?
- எல்லாம் சேர்ந்த கைப்பட்டியில் (எல்லா ரைட்டுக்கும் சேர்த்துக் கையில் கட்டிவிடும் ரிக்கற்) எவை அடங்காது? கார்ட்டிங் (சின்னக் கார் ஓட்டம்) போன்றவற்றுக்குப் பல இடங்களில் தனிக்காசு.
- சிறுவர் விலை வயதிலா, உயரத்திலா?
- ரைட் ஏறாமல் இருக்கும் பெரியவருக்கு என்ன விலை?
- அன்று திருத்த வேலைக்காக மூடியிருக்கும் ரைட் எது?
- மழை பெய்தால் காசு திரும்புமா, இன்னொரு நாளுக்கு மாற்றித் தருவார்களா?
- வெளிச் சாப்பாடு விடுவார்களா? வான் சாரதிக்கு உள்ளே ரிக்கற் வேண்டுமா?

வெளிச் சாப்பாட்டுக் கேள்வியைச் சின்னதாக நினைக்கவேண்டாம். பன்னிரண்டு பேருக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோத்துப் பார்சலை வாசலில் நிறுத்தினால், உள்ளே சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு ரிக்கற்றில் மிச்சம் பிடித்ததை முழுதாக விழுங்கிவிடும். வெளிச் சாப்பாடு விடாத இடமென்றால், நேரத்தோடு வெளியே வானடியில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். அதற்குமுன், கைப்பட்டி போட்டவர் வெளியே வந்து திரும்ப நுழையலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

5. ஆளுக்கு ஆள் கணக்குப் போடுங்கள்

குடும்பத்துக்கு ஒரே வகை ரிக்கற் வாங்குவதுதான் பெரிய பிழை. கவுண்டரில் நின்று "ஆறு பேர்" என்று சொன்னால் ஆறு பெரிய ரிக்கற் தருவார்கள்.

கணக்கு விளங்குவதற்காக எடுத்த எண்கள் இவை, எந்தப் பார்க்கின் விலையும் அல்ல. உள்ளே போக 1,000 ரூபா. ஒரு ரைட் 400 ரூபா. எல்லாம் சேர்ந்த கைப்பட்டி 3,500, 120 சென்ரிமீற்றருக்குக் கீழே 2,800.

முதலில் சமன் புள்ளியைக் காணுங்கள். 3,500இலிருந்து 1,000ஐக் கழித்தால் 2,500. அதை 400ஆல் பிரித்தால் 6.25. ஆகவே ஏழு ரைட் ஏறுபவருக்குக் கைப்பட்டி இலாபம், ஆறும் அதற்குக் கீழும் ஏறுபவருக்குத் தனி ரிக்கற் இலாபம். சின்னப் பிள்ளைக்கு 1,800ஐ 400ஆல் பிரித்தால் 4.5, அதாவது ஐந்து ரைட்.

இனி ஆளாளாக:

- அம்மம்மா: ரைட் இல்லை. 1,000.
- அம்மா: சின்னவளோடு இரண்டு ரைட். 1,800.
- அப்பா: நாலு. 2,600.
- பதினைந்து வயது மகன்: பத்து. தனித்தனியாக 5,000, கைப்பட்டி 3,500.
- ஒன்பது வயது மகள், 124 சென்ரிமீற்றர்: எட்டு. தனித்தனியாக 4,200, கைப்பட்டி 3,500.
- நாலு வயதுச் சின்னவள், 98 சென்ரிமீற்றர்: ஐந்து. தனித்தனியாக 3,000, கைப்பட்டி 2,800.

கலந்து வாங்கினால் மொத்தம் 15,200. எல்லோருக்கும் கைப்பட்டி என்றால் 20,300. எல்லோருக்கும் தனி ரைட் என்றால் 17,600. அதே நாள், அதே ரைட்டுகள், 5,100 ரூபா வித்தியாசம். கொப்பியில் பத்து நிமிட வேலை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. சின்னப் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் ஏறவேண்டிய ரைட்டுகள் உண்டு, அந்தப் பெரியவருக்கும் ரைட் காசு விழும். அம்மாவின் பெயருக்கு எதிரே இரண்டு என்று எழுதியது அதனால்தான். அடுத்தது, ரைட்டின் எண்ணிக்கையை மூன்றாம் படியில் கண்ட மணித்தியாலத்தோடு பொருத்திப் பாருங்கள். நாலு மணித்தியாலத்தில் மகன் பத்து ரைட் ஏற முடியாதென்றால் எட்டு என்று எழுதுங்கள். எட்டிலும் அவனுக்குக் கைப்பட்டிதான் சரி. ஆனால் மகளின் எண்ணிக்கை ஆறாக இறங்கினால் முடிவு மாறிவிடும்.

எல்லாம் சேர்ந்த ரிக்கற்றை மட்டும் விற்கும் பார்க் என்றால் இந்தப் படி மிகச் சுருக்கம்: ரைட் ஏறாதவர் அன்று வேறெங்காவது போவது நல்லதா என்று மட்டும் பாருங்கள். அம்மம்மாவைக் கொழும்பில் பேரப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அவருக்கும் வெயில் இல்லை, உங்களுக்கும் ஒரு ரிக்கற் மிச்சம்.

6. ஆண்டுச் சீட்டு: எப்போது இலாபம், எப்போது பொறி

ஆண்டுச் சீட்டின் விலையை ஒருநாள் ரிக்கற்றின் விலையால் பிரியுங்கள். 9,000 ரூபாச் சீட்டு, 3,500 ரூபா நாள் ரிக்கற் என்றால் 2.57. மூன்று தடவை போனால்தான் பயன். முதலாம் படியில் நீங்கள் எழுதியது இரண்டு என்றால் கதை அங்கேயே முடிந்தது.

"சீட்டு இருந்தால் மூன்றாம் தடவையும் போவோம்தானே" என்ற எண்ணம்தான் பொறி. மூன்றாம் பயணத்தின் ரிக்கற் மட்டுமே இலவசம், வானும் லொட்ஜும் இலவசமில்லை. கிலோமீற்றருக்கு 100 ரூபா என்று வைத்தாலும், போய்வர 700 கிலோமீற்றருக்கு 70,000. ஆளுக்கு மூன்றரை ஆயிரத்தை மிச்சம் பிடிக்க வானுக்கு எழுபதாயிரம் செலவழிப்பது கணக்கல்ல. கொழும்பிலோ நீர்கொழும்பிலோ பிள்ளைகளுக்கு நெருங்கிய சொந்தம் இருந்து, எப்படியும் வருடத்துக்கு மூன்று தடவை போகிற குடும்பம் என்றால் அது வேறு.

ஆனால் இரண்டு தடவை மட்டும் போகும் குடும்பத்துக்கும் ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சீட்டு பன்னிரண்டு மாதம் செல்லும் என்றால், முதல் வருடப் பயணத்தை விடுமுறையின் பிற்பகுதியிலும், அடுத்த வருடப் பயணத்தை அதே விடுமுறையின் முற்பகுதியிலும் வையுங்கள். இந்த வருடம் ஓகஸ்ட் 20ஆம் திகதி சீட்டு வாங்குகிறீர்கள். அது அடுத்த ஓகஸ்ட் 19 வரை செல்லும். இந்த ஓகஸ்ட் 20, வரும் ஏப்ரல், அடுத்த ஓகஸ்ட் 10 என்று மூன்று பயணம் ஒரே சீட்டில் அடங்கும். இதையே ஓகஸ்ட் 8இல் வாங்கி, அடுத்த வருடம் 15ஆம் திகதி போனால் ஒரு கிழமையால் தவறிவிடும். திகதியை இப்படி நகர்த்துவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வாங்கமுன் மூன்று விடயம் உறுதிப்படுத்துங்கள். சீட்டின் காலம் வாங்கிய நாளிலிருந்தா, முதல் தடவை போன நாளிலிருந்தா தொடங்குகிறது? பாடசாலை விடுமுறையில் செல்லாத நாட்கள் எவை? "வருடம் முழுக்க" என்பது பன்னிரண்டு மாதமா, அந்தப் பருவம் மட்டுமா? மலிவான சீட்டுகளில் செல்லாத நாட்கள் பெரும்பாலும் விடுமுறை நாட்களாகவே இருக்கும். பார்க்கில் சனம் கூடும் நாளில் மலிவுச் சீட்டுக்காரர் வராமலிருக்கத்தான் அந்த விலை.

வளரும் பிள்ளைக்கு இன்னொரு கணக்கு. விலை எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைக்கு, அதாவது 120 எல்லையில் 118 உள்ளவளுக்கு, இப்போது சிறுவர் விலையில் ஆண்டுச் சீட்டு எடுத்தால், வாங்கிய நாளின் விலையே சீட்டு முடியும்வரை செல்லும் பார்க்கில் நல்ல இலாபம். நடுவில் அவள் 124 ஆகி, 120 கேட்கும் பெரிய ரைட்டுகளும் திறந்துவிடும். மாறாக 108 உள்ள பிள்ளைக்கு இந்த வருடம் ஆண்டுச் சீட்டு வேண்டாம். சீட்டு முடியும்போதும் அவன் 114இல்தான் நிற்பான்.

7. நாளைத் தெரிவுசெய்யுங்கள்

ஹங்வெல்ல, பண்டாரகம இரண்டும் ஈரவலயம். எங்கள் வானம் வெளித்திருப்பதைப் பார்த்து அங்கும் வெயில் என்று நினைக்கக்கூடாது. மே, யூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை, அங்கே விடாமல் பெய்யும். ஏப்ரலில் காலை நன்றாக வெளித்து, மதியத்துக்குப் பிறகு இடிமின்னலோடு மழை வருவது வழமை. மின்னல் கண்டால் நீர்ப்பகுதியையும் உயரமான ரைட்டுகளையும் நிறுத்துவார்கள். ஆகவே ஏப்ரலில் பின்னேர அரைநாள் ரிக்கற் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கவேண்டாம். ஏப்ரல் பயணமென்றால் பெரிய ரைட்டுகளும் தண்ணீரும் மதியத்துக்கு முன், சின்னப் பிள்ளைகளின் கூரையுள்ள விளையாட்டுகள் பிறகு.

போயா நாள், நீண்ட வார இறுதி, சித்திரை வருடப்பிறப்பை அடுத்த நாட்கள் மூன்றையும் விடுங்கள். விடுமுறைக்குள் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனம் குறைந்த நாளில் மணித்தியாலத்துக்கு நாலு ரைட் கிடைத்தால், அதே கைப்பட்டியின் பெறுமதி இரட்டிப்பாகிறது.

8. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் சேர்ந்து வந்தால்

தனியார் பார்க்குகளில் முன்கூட்டியே கேட்டால் போதும். அரச இடங்களில்தான் சிக்கல். அதே பயணத்தில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பின்னவல யானைகள், வில்பத்து, சிகிரியா என்று ஏதாவது சேர்ப்பீர்கள். அங்கெல்லாம் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலை. வாசலில் பேசும் மொழியையோ முகத்தையோ பார்ப்பதில்லை, அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் பார்க்கிறார்கள்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ள மச்சானின் பிள்ளைகள் மூன்று பேருக்குரிய தொகையைத் தனியாக எழுதி, அந்த இடம் தேவையா என்று பயணத்துக்கு முன்பே குடும்பத்தில் பேசிவிடுங்கள். வாசலில் நின்று பேசினால் ஒருவருக்கொருவர் மனம் நோகும்.

நீங்கள் அங்கே போகிறீர்கள் என்றால்: லண்டன் பக்கத்தில் செஸிங்டன், தோர்ப் பார்க், விண்ட்சர் லெகோலாண்ட் மூன்றும் மேர்லின் நிறுவனத்தின் ஆண்டுச் சீட்டு ஒன்றுக்குள் அடங்கும், செல்லாத நாட்கள் சீட்டின் தரத்தைப் பொறுத்தவை. ரொறன்ரோவின் கனடாஸ் வொண்டர்லாண்ட் பருவச் சீட்டு விற்கிறது, ஒரு மாதம் தங்கி மூன்று தடவை போகிறவருக்கு அதைக் கட்டாயம் கணக்குப் பார்க்கவேண்டும். பாரிஸ் டிஸ்னிலாண்டில் நாளுக்கு நாள் விலை மாறும். சிங்கப்பூர் யுனிவர்சலில் எக்ஸ்பிரஸ் என்று விற்பது வரிசையைச் சுருக்கும் சீட்டு மட்டுமே, உள்ளே போகும் ரிக்கற் அல்ல. அதை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

சென்னைக்கு இப்போது பலாலியிலிருந்தே விமானம் இருப்பதால், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்கள் கொழும்பு ஹயரோடு ஒருதடவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரை வீதியில் விஜிபி, எம்ஜிஎம் என்ற பார்க்குகள் இருக்கின்றன. கோயிலுக்கோ வைத்தியத்துக்கோ எப்படியும் சென்னை போகிற வருடத்தில் பார்க்கை அந்தப் பயணத்தோடு சேர்த்துவிட்டு, கொழும்புப் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது சரியான கணக்கு.

9. கழிவுகளை ஒப்பிடுங்கள்

வங்கிக் கார்ட் கழிவு, ஒன்லைன் கழிவு, கூட்டக் கழிவு என்று மூன்று வகை. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் சேர்த்துத் தரமாட்டார்கள். கழிவு எந்த ரிக்கற்றுக்கு என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்த ரிக்கற்றுக்கு மட்டும் 15 வீதம் என்றால், ஐந்தாம் படியின் எடுத்துக்காட்டில் 20,300 என்பது 17,255 ஆகும். கழிவில்லாத கலப்பு 15,200தான். கழிவு என்ற சொல்லைப் பார்த்து ஓடுகிறவருக்கு அங்கே 2,055 ரூபா நட்டம்.

எங்கள் பக்கத்துக்கு மிகப் பொருத்தமானது கூட்டக் கழிவு. எத்தனை பேருக்கு மேல் கூட்டம் என்று கணக்கெடுப்பார்கள் எனக் கேட்டு, அயலில் இரண்டு மூன்று குடும்பம் சேருங்கள். முன்பள்ளி, அறநெறிப் பாடசாலை, விளையாட்டுக் கழகம் எதுவானாலும் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை இலகு. மினி பஸ் ஒன்றில் பங்கிடும்போது ஆளுக்கான பயணக் காசும் இறங்கும், அந்த மிச்சம் ரிக்கற் கழிவைவிடப் பெரிது. ஆனால் கூட்ட ரிக்கற் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே வகையாக இருக்கும். ரைட் ஏறாத பெரியவர்களைக் கூட்டத்துக்கு வெளியே தனியாக நுழைவு ரிக்கற் எடுக்க விடுவார்களா என்று கேளுங்கள்.

10. வாங்குங்கள்

இந்த ஒழுங்கில்: வான் அல்லது றெயில் உறுதி, தங்குமிடம் உறுதி, பிறகு ரிக்கற். பார்க்கின் சொந்த இணையத்தளத்திலோ கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். முகநூலில் "மிச்ச ரிக்கற் அரைவிலை" என்று வரும் கியூஆர் குறியீட்டை ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு விற்கலாம், வாசலில் முதல் வந்தவருக்கு மட்டும் திறக்கும்.

திகதி மாற்ற முடியாத ரிக்கற் மலிவாக இருந்தாலும், ஏ9 வீதியில் இவ்வளவு தூரம் ஓடி வரும் குடும்பத்துக்கு அது ஆபத்து. வான் பழுது, பிள்ளைக்குக் காய்ச்சல், குளம் வான்பாய்ந்து வீதி மறிப்பு, எதுவும் வரலாம். மாற்றக்கூடிய ரிக்கற்றுக்குச் சற்றுக் கூடக் கொடுப்பது தகும். வாங்கியதும் ரிக்கற்றை இரண்டு போனில் படமாகச் சேமித்து, ஒரு பிரதி அச்சடியுங்கள். வழியில் சிக்னல் போகும், போனில் சார்ஜ் இறங்கும்.

11. வாசலில்

கவுண்டரில் நிற்பவர் ஒருவராக இருக்கட்டும், கையில் கொப்பியோடு. பட்டியலை அப்படியே வாசியுங்கள்: கைப்பட்டி இரண்டு பெரியது, ஒன்று சின்னது, நுழைவு மட்டும் மூன்று. பற்றுச்சீட்டை எண்ணிப் பார்த்த பிறகே நகருங்கள்.

நீர்ப்பகுதிக்குப் பருத்தி உடுப்பு, சுடிதார், ஜீன்ஸ் பல இடங்களில் விடுவதில்லை. நூல் தண்ணீரில் கழன்று வடிகட்டியை அடைக்கும், ஈரத்துணி சறுக்கில் சிக்கும். உள்ளே வாடகைக்குத் தருவார்கள், ஆறு பேருக்கு வாடகையும் முற்பணமும் கொடுத்தால் ஒரு ரிக்கற் விலை போய்விடும். நைலோன் ரீசேர்ட்டும் நீளக் காற்சட்டையும் வவுனியா, கிளிநொச்சிக் கடைகளிலேயே கிடைக்கின்றன. வாங்கினால் அடுத்த பயணத்துக்கும் உதவும்.

12. திரும்பும் வழியிலேயே எழுதுங்கள்

வான் தம்புள்ளயில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது கொப்பியை எடுங்கள். ஒவ்வொருவரும் உண்மையில் எத்தனை ரைட் ஏறினார்கள், எந்த வரிசையில் எவ்வளவு நேரம் போனது, எந்த ரைட்டில் பிள்ளையைத் திருப்பினார்கள், சாப்பாட்டுக்கும் லொக்கருக்கும் எவ்வளவு முடிந்தது. பிள்ளைகளையே கேளுங்கள், அவர்களுக்கு ஒன்றும் மறக்காது. பற்றுச்சீட்டுகளைக் கொப்பிக்குள் ஒட்டி, பக்கத்தில் அன்றைய திகதியும் பிள்ளைகளின் உயரமும் போட்டுவையுங்கள். அடுத்த விடுமுறைக்கு இரண்டாம் படியிலிருந்து தொடங்கினால் போதும்.